பேர்கன் துறைமுகத்தின் மரவீடுகள்

நோர்வே நாட்டின் மேற்குக் கரையிலே பேர்கன் என்னும் துறைமுக நகரம் அமைந்துள்ளது. அங்கே கடலை நோக்கி, கூரிய முகடுகளுடன் நெருங்கி நிற்கும் மரவீட்டு வரிசையொன்று உண்டு. அதன் பெயர் பிறிகன். இறங்குதுறை என்பதே அச்சொல்லின் பொருள். அரசரின் பெருமைக்காக எழுந்தவை அல்ல இவ்வீடுகள். உலர்ந்த மீனுக்காக எழுந்தவை.

வடநோர்வேயின் லொபோட்டன் தீவுகளை அண்டிய கடலிலே மாரிகாலத்தில் கொட் மீன் திரளாகக் கூடும். அதனை உப்பிடாது, மரச்சட்டங்களிலே தொங்கவிட்டுக் குளிர்காற்றில் உலர்த்துவர். அம்மீன் ஆண்டுக்கணக்கிற் கெடாதிருக்கும். ஊன் விலக்கும் நோன்பு நாள்கள் மலிந்திருந்த இடைக்கால ஐரோப்பாவில் அதற்குப் பெருங்கிராக்கி இருந்தது. மீன் மிகுந்த வடபுலத்திலோ தானியம் அரிது. இவ்விரு தேவைகளையும் இணைத்துப் பொருளீட்டியோர், லூபெக் முதலிய ஜேர்மன் நகரங்களின் ஹன்சா வணிகர் ஆவர். ஏறத்தாழ 1360ஆம் ஆண்டில் அவர்கள் பேர்கனிலே தமது வணிக நிலையத்தை நிறுவினர். தானியத்தை முற்கடனாகக் கொடுத்து, மீனைப் பின்னர் பெற்றனர். கடன் தீராத மீனவன் மறு ஆண்டும் அதே வணிகனையே நாட வேண்டியதாயிற்று.

வணிகத்தின் தேவையே கட்டடங்களின் வடிவை வகுத்தது. கப்பல் அணையும் கரை குறுகியது. ஆகவே ஒடுங்கிய முகப்புடன் வீடுகள் பின்னோக்கி நீண்டன. பண்டகசாலையும் அலுவலகமும் உறைவிடமும் ஒரே வரிசையில் அடங்கின. தீக்கு அஞ்சி மரவீடுகளிலே நெருப்பு மூட்டுதல் விலக்கப்பட்டது. சமைப்பதும் குளிர்காய்வதும் பின்புறத்துப் பொது மண்டபங்களிலேயே நிகழ்ந்தன. அங்கு வாழ்ந்த ஜேர்மன் வணிகரும் தொழில் பயிலும் இளைஞரும் மணம் புரிதல் ஆகாது என்பது விதி.

அத்துணைக் காவலும் போதவில்லை. பிறிகன் பலமுறை எரிந்தது. 1702ஆம் ஆண்டுப் பெருந்தீக்குப் பின்னரும் மக்கள் பழைய அமைப்பிலேயே வீடுகளை மீண்டும் எழுப்பினர். 1754இல் ஜேர்மன் நிலையம் முடிவுற்றது. மீன் வணிகமோ நோர்வே மக்களின் கையில் தொடர்ந்தது.

1955இல் மூண்ட தீ வரிசையின் ஒரு பகுதியை அழித்தது. ஆயினும் அதன் சாம்பலின் கீழே வரலாறு காத்திருந்தது. அஸ்பியோர்ன் ஹேர்டெய்க் என்னும் தொல்லியலாளர் அங்கு நடத்திய அகழ்வில், ரூன் எழுத்துகள் செதுக்கிய 600க்கும் மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. சில, சரக்கிலே கட்டிய உரிமையாளர் பெயர்ச் சீட்டுகள். ஒன்று, வீடு திரும்புமாறு ஒரு பெண் விடுத்த செய்தி. எழுத்தறிவு குருமாருக்கே உரியதன்று என்பதற்கு இவை சான்றாயின.

எஞ்சிய 62 கட்டடங்களும் 1979இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தன. பின்னர் வேறோர் இடர் தெரியவந்தது. அயலிலே எழுந்த புதிய கட்டுமானத்தால் நிலத்தடி நீர் தாழ்ந்தது, ஈரத்தில் காப்புற்றிருந்த அடிமரங்களைக் காற்றுத் தீண்டவே, அவை உக்கத் தொடங்கின, நிலமும் தாழ்ந்தது. ஆகவே நீரை மீண்டும் மண்ணுள் ஊட்டி அதன் மட்டத்தை உயர்த்தினர். நெருப்பிலிருந்து காக்கவேண்டிய இவ்வீடுகளுக்கு நிலத்தடி நீரே உயிர்க்காவலாக விளங்குகின்றது.