வழக்குப் போட்டேன், தங்கச்சியை விட்டுவிட்டேன்

வங்கியில் முப்பத்துநான்கு வருஷம் குப்பை கொட்டியவன் நான். இறந்துபோனவரின் டெபாசிட்டைக் கேட்டு யாராவது வந்தால், நாமினி இல்லாத கணக்கென்றால், “வாரிசு சான்றிதழ் எங்கே? எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சா?” என்று கேட்காமல் ஒரு ரூபாய் நகர விடமாட்டேன். அப்படிப்பட்டவன் சொந்த வீட்டு வழக்கில் வாரிசுகளையே விட்டுவிட்டேன்.

அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது ஆறு ஏக்கர். உயில் இல்லை. அம்மா அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் அண்ணன், நான், தங்கை. ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததிலிருந்து கிணற்றுமேட்டில் இரண்டு ஏக்கரை எட்டு வருஷமாக உப்பு போடாமல் பார்த்து வருகிறேன். தக்கைப்பூண்டும் சணப்பும் விதைத்து மடக்கி உழுது, ஜீவாமிர்தம் பாய்ச்சி, மண்வெட்டி இறங்காமல் கிடந்த மண்ணில் இன்று கையால் அள்ளினால் புழு நெளிகிறது.

அண்ணன் நாற்பது சென்ட்டைப் பக்கத்து ஊர்க்காரருக்கு விற்றார். மீதி மொத்தத்தையும் குத்தகைக்கு விடப் போகிறேன் என்றதும் எனக்குத் தூக்கம் போச்சு. குத்தகைக்கு எடுப்பவர் முதல் போகத்திலேயே களைக்கொல்லி அடிப்பார். பாதிப் பங்கு கேட்டு பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன்.

தங்கை அப்பாவுக்குப் பிறகு இறந்தாள். “அவளுக்குத்தான் நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சே” என்பது எங்கள் வீட்டில் எல்லார் வாயிலும் வருகிற பேச்சு. வக்கீலிடம் அவள் பேரைக்கூட எடுக்கவில்லை.

அண்ணன் தரப்பு எதிருரையில் முதல் பக்கத்திலேயே இருந்தது: அவசியமான தரப்பினரைச் சேர்க்காததால் வழக்கு நிலைக்கத்தக்கதல்ல. வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “சார், நீங்க பேங்க்லதானே இருந்தீங்க?” என்றார்.

அப்பாவின் தனிச் சொத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு. 1989, 2005 திருத்தங்கள் பூர்வீகக் கூட்டுச் சொத்துக்கானவை. நகை போட்டதால் பங்கு போய்விடாது. ஆக எனக்குப் பாதி இல்லை, மூன்றில் ஒன்று. தங்கையின் மூன்றில் ஒன்று அவள் கணவர், மகன், மகள் மூவருக்கும் ஆளுக்கு ஒன்பதில் ஒன்றாகப் போகிறது. அவர்கள் மூவருமே வழக்கில் இருக்க வேண்டும். நாற்பது சென்ட் வாங்கியவரும்தான். அவரை விட்டால் தீர்ப்பு அவரைக் கட்டுப்படுத்தாது என்று சண்டைக்கு வருவார்.

யாரையாவது சேர்க்காமல் விட்டதற்காக ஒரு வழக்கு தோற்றுவிடாது என்கிறது உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1 விதி 9. ஆனால் அவசியமான தரப்பினருக்கு இந்தச் சலுகை கிடையாது. 1976 திருத்தத்தில் வந்த காப்பு வாசகம் அது. பாகப்பிரிவினையில் பங்குதாரர் எல்லாருமே அவசியமானவர்கள். நல்லவேளையாக விதி 10(2) இருக்கிறது: வழக்கின் எந்த நிலையிலும் கோர்ட்டு தரப்பினரைச் சேர்க்கலாம். பிரமாணப் பத்திரத்தோடு மனுப் போட்டோம், அனுமதி கிடைத்தது. பிராதைத் திருத்தி, பங்குக் கணக்கையும் மாற்றி, புதியவர்களுக்குச் சம்மன் அனுப்ப ஒன்பது மாதம் ஓடியது. சேர்க்கிற தேதியில்தான் அவர்கள்மேல் வழக்குப் போட்டதாகக் கணக்கு. நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று கோர்ட்டு ஏற்றால் மட்டும் முன்தேதி தரலாம். காலவரம்பு நெருக்குகிற வழக்குகளில் இது பெரிய இடி.

சம்மன் போன அன்று ராத்திரி தங்கை மகள் போன் செய்தாள். “என்மேல கேஸ் போட்டிருக்கீங்களா மாமா?”

பாகப்பிரிவினையில் பிரதிவாதி என்றால் எதிரி இல்லை, அவளும் வாதி மாதிரிதான், கட்டணம் கட்டித் தன் பங்கைத் தனியே பிரித்துக் கேட்கலாம் என்று சட்டம் பேசினேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“அதை முதல்லயே நீங்களே போன்ல சொல்லியிருக்கலாம்ல?”

பதில் சொல்ல முடியவில்லை. அப்புறம் அவளே கேட்டாள், “அம்மா வெச்ச நெல்லி இன்னும் காய்க்குதா?”

வழக்குப் போடும் முன் வம்சாவளியை ஒரு தாளில் எழுதுங்கள். இறந்தவர் பேருக்குக் கீழே அவர் வாரிசுகளையும், கட்டிக்கொடுத்த பெண்களையும். வில்லங்கச் சான்று போட்டு யார் யாருக்கு விற்றிருக்கிறார்கள் என்று பாருங்கள். வழக்கு நடுவே யாராவது இறந்தால் 90 நாளுக்குள் அவர் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும், மறந்தால் இன்னொரு தலைவலி.

முதல்நிலைத் தீர்ப்பாணை வந்துவிட்டது. மூன்றில் ஒன்று, இரண்டு ஏக்கர். எது என் இரண்டு ஏக்கர் என்பது இனிமேல்தான். கோர்ட்டு கமிஷனர் சர்வேயரோடு அளக்க வருகிறார். நான் திருத்திய பக்கத்தையே எனக்கு ஒதுக்கும்படி கேட்டிருக்கிறேன், முடிந்தவரை கோர்ட்டு அதைப் பார்க்கும் என்கிறார் வக்கீல். தங்கை மக்கள் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த நெல்லி மரம் நிற்கிற வரப்பு மட்டும் அவர்களுக்கு வேண்டுமாம். அண்ணன் இன்னும் வாய் திறக்கவில்லை. கிணற்றுமேட்டில் சணப்பு பூவெடுத்து நிற்கிறது, மடக்கி உழுவதா வேண்டாமா என்று தெரியாமல் தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.