கழுவினால் போதுமா இன்ஜெக்டர்?

மோகனூருக்கு வடக்கே இருக்கும் நாமக்கல், லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பேர்போனது. இதுபோன்ற லாரி ஊர்களின் டீசல் பம்ப் பட்டறைகளில், கழுவிய இன்ஜெக்டர் நாசிலை அப்படியே இன்ஜினில் மாட்டிவிட மாட்டார்கள். மேசையில் பொருத்திய கைப்பம்பில் மாட்டி, பிடியை அழுத்திப் பார்ப்பார்கள். பழைய வகை நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறந்து, கரகரவென்ற ஓசையோடு டீசலைப் புகையாகத் தூவ வேண்டும். முனையில் சொட்டு நின்றால் வேலை முடியவில்லை.

பெட்ரோல் கார் இன்ஜெக்டரை வீட்டில் சுத்தம் செய்பவர்கள் பலர் விட்டுவிடுவது இந்தச் சோதனையைத்தான்.

கார்களில் பழகிய இந்த இன்ஜெக்டர், 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபின் பைக், ஸ்கூட்டர்களுக்கும் பரவிவிட்டது. சுமார் 3 பார் அழுத்தத்தில் நிற்கும் பெட்ரோலை ஒரு மின்காந்த வால்வு சில மில்லி வினாடிகள் மட்டும் திறந்துவிடுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், ஒவ்வொரு இன்ஜெக்டரும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். ஓட்டத்தைவிட, நிறுத்தியபின் நடப்பதுதான் இதற்குக் கெடுதல். சூடான இன்ஜினில் முனையில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசினை விட்டுச் செல்கிறது. கடைத்தெருவரை போய்வந்து அடிக்கடி நிறுத்தும் வண்டிக்கு இது சீக்கிரம் படியும்.

கழற்றிய இன்ஜெக்டருக்குள் சிரிஞ்சால் கிளீனர் ஏற்றி, பேட்டரி இணைப்பை விட்டுவிட்டுத் தொட்டால் பிசின் கரையும். இணைப்பைத் தொடர்ந்து பிடித்தால் வால்வின் மின்சுருள் சூடேறிக் கருகும். துளைக்குள் கம்பி விடவே கூடாது. திறந்தவெளியில், தீப்பொறிக்கு வழியில்லாமல் செய்ய வேண்டிய வேலை இது; பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும்.

பிறகுதான் முக்கியமான கட்டம். நான்கு சிலிண்டர் கார் என்றால், நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரே அழுத்தத்தில், ஒரே நேர அளவுக்குத் திறந்து, நான்கு அளவுக் குழாய்களில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒன்று மட்டும் குறைவாக ஊற்றினால், புகைக்குழாயில் உள்ள ஆக்ஸிஜன் சென்சார் மொத்தமாகப் பெட்ரோல் போதவில்லை என்று கணிக்கும். இன்ஜின் கணினி நான்குக்கும் பெட்ரோலைக் கூட்டித் தரும். அடைத்தது ஒன்று, வீணாய்க் குடிப்பது மற்ற மூன்று!

எரிபொருளும் மாறிவிட்டது. மோகனூரின் சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையைச் சுற்றி வளரும் கரும்பு போன்ற பயிர்களிலிருந்து கிடைக்கும் எத்தனால், இன்று பெட்ரோலில் 20 சதவீதம் வரை கலக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய டாங்கின் அழுக்கையும் கிளப்பிவிடும். அதனால் இன்ஜெக்டரோடு பெட்ரோல் ஃபில்டரையும் பார்ப்பது நல்லது.

காமன் ரெயில் டீசல் மட்டும் வீட்டு வேலையே அல்ல. அங்கே அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். அந்தத் தாரை தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும். ஊசி குத்திய அளவே தெரிந்தாலும், உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம் அது.