மடியில் இருக்கும் தம்பியின் எடை எவ்வளவு?

பள்ளி விடுமுறை. குடும்பத்தோடு திருச்சிக்குப் புறப்படுகிறீர்கள். கோலாலம்பூர் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் உங்கள் ஒன்றரை வயதுத் தம்பி காரின் பின்பக்கம், தனக்கென்று பொருத்திய குழந்தை இருக்கையில் உட்கார்ந்திருக்கிறான். தோளில் இரண்டு, இடுப்பில் இரண்டு, கால்களுக்கு நடுவில் ஒன்று என ஐந்து வார்கள் அவனைப் பிடித்திருக்கின்றன. அவன் அழுதாலும் அம்மா அவற்றை அவிழ்ப்பதில்லை. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் சொந்த கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். சிங்கப்பூரிலும் 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள பிள்ளைகளுக்கு அப்படித்தான்.

விமான நிலையம் வந்ததும் அந்த இருக்கை காரிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த சில மணி நேரம், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் வாகனத்தில், தம்பி அம்மாவின் மடியில்!

விமானம் கிளம்பும் முன் பணியாளர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? கைப்பையை முன் இருக்கைக்கு அடியில் தள்ளுங்கள், மடிக்கணினியை உள்ளே வையுங்கள், சாப்பாட்டுத் தட்டை மடக்குங்கள் என்பார்கள். எதுவும் பறந்து வந்து யாரையும் தாக்கக் கூடாது என்பதே காரணம். ஆனால் இரண்டு வயது நிறையாத குழந்தை மட்டும் மடியில் இருக்கலாம். உலகின் பெரும்பாலான விமான நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன.

“அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொள்வாரே!” என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மளிகைக் கடையில் 10 கிலோ அரிசி மூட்டை கிடைக்கும். தம்பியின் எடையும் ஏறக்குறைய அதுதான். கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது வினாடிக்கு 14 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு சுவரில் மோதி 0.1 வினாடியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 14-ஐ 0.1-ஆல் வகுத்தால் 140. இது புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் ஏறக்குறைய 14 மடங்கு. நிலைமம் காரணமாக அரிசி மூட்டை அதே வேகத்தில் முன்னோக்கிப் போகவே பார்க்கும். அதை நிறுத்தி வைக்க உங்கள் கைகள் 140 கிலோ எடையைத் தாங்கும் அளவு விசை கொடுக்க வேண்டும். பளுதூக்கும் வீரராக இருந்தாலும் இது நடக்காது. அவர் பளுவைத் தூக்குமுன் மூச்சை இழுத்துத் தயாராகிறார். இங்கே தயாராக 0.1 வினாடிகூட இல்லை.

விமானம் சுவரில் மோதுவதில்லைதான். ஆனால் அவசரமாகத் தரையிறங்கும்போது இதே கணக்கு அங்கும் வரும். அதனால்தான் புதிய வகை விமான இருக்கைகளை 16 மடங்கு முடுக்கத்துக்குச் சோதிக்கிறார்கள். இருக்கை தாங்கும், வார் தாங்கும். அம்மாவின் கைகள்?

விபத்து வரை போகவே வேண்டாம், காற்றுக் கொந்தளிப்பு போதும். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த எஸ்கியூ321 விமானம் மியன்மார் வான்வெளியில் குலுங்கியதும், ஒரு பயணி இறந்ததும், விமானம் பேங்காக்கில் தரையிறங்கியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். விமானத்தின் பதிவுக் கருவிகளை ஆராய்ந்த சிங்கப்பூர் விசாரணையாளர்கள் சொன்ன எண்கள் இவை: செங்குத்து முடுக்கம் +1.35ஜி அளவிலிருந்து 0.6 வினாடியில் −1.5ஜி ஆனது. அடுத்த 4 வினாடிக்குள் மறுபடி +1.5ஜி.

இந்தக் கழித்தல் குறிதான் விஷயமே. அந்தக் கணத்தில் விமானம், தானாக விழும் பொருளைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. வார் கட்டாதவரை யாரும் மேலே தூக்கி எறிவதில்லை. விமானத்தின் கூரைதான் அவரை நோக்கிக் கீழே வருகிறது. உள்ளே இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். −1.5ஜியில் 10 கிலோ குழந்தையை மடியிலேயே வைத்திருக்க, 15 கிலோ எடைக்குச் சமமான விசையோடு கீழே அழுத்திப் பிடிக்க வேண்டும். நாம் பிள்ளையைப் பிடிக்கும் விதமே கீழே விழாதபடி தாங்குவதுதான். மேலே போகாதபடி யார் பிடித்திருப்பார்கள்? அதுவும் இரவில், அம்மாவும் அசந்து தூங்கும் நேரத்தில்?

இதற்காகவே பல விமான நிறுவனங்கள் ஒரு சிறு கூடுதல் வார் தருகின்றன. அதை அம்மாவின் இருக்கை வாரோடு கோத்துக் குழந்தையின் இடுப்பில் பூட்டுவார்கள். கூரையில் போய் இடிக்காமல் குழந்தையை அது காக்கும். ஆனால் தரையிறங்கும்போது பலமாக மோதினால் அம்மாவின் உடல் முன்னால் மடங்கும், அந்த மடிப்புக்குள் குழந்தை நசுங்கலாம். இந்தக் காரணத்தால் அமெரிக்காவில் அந்த வாரைத் தருவதில்லை. ஐரோப்பாவில் மடிக்குழந்தைக்கு அதைக் கட்டியே ஆக வேண்டும். ஒரே இயற்பியலைப் படித்த இரண்டு கண்டங்கள் இரண்டு முடிவுக்கு வந்திருக்கின்றன!

அமெரிக்கர்களின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு சோகம் உண்டு. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 என்ற டிசி-10 விமானத்தின் வால்பக்க இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் அமைப்புகள் எல்லாம் செயலிழந்தன. விமானிகள் மீதியிருந்த இரண்டு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே அதை சூ சிட்டி வரை கொண்டுவந்தார்கள். உள்ளே 4 மடிக்குழந்தைகள் இருந்தனர். அன்றைய விதிப்படி, குழந்தைகளைப் போர்வை சுற்றித் தரையில் கிடத்திப் பிடித்துக்கொள்ளுமாறு தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரவுன் பெற்றோரிடம் சொன்னார். விமானம் ஓடுபாதையில் உடைந்து தீப்பிடித்தது. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். ஒரு பெண் குழந்தை தாயின் பிடியிலிருந்து நழுவிப் பறந்து, சாமான் பெட்டிக்குள் கிடந்தது. அழுகுரல் கேட்டு ஒரு பயணி புகைக்குள் திரும்பிப் போய்த் தூக்கி வந்தார். இன்னொரு குழந்தை, இரண்டு வயதுகூட நிறையாத ஆண் பிள்ளை, இறந்துபோனான். வெளியே அந்தத் தாயைச் சந்தித்த ஜேன் பிரவுன், மடிக்குழந்தை விதியை மாற்றப் பல ஆண்டுகள் போராடினார். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியமும் 1990-இலிருந்து அதையே பரிந்துரைத்து வருகிறது.

விதி மாறவில்லை. ஏன்?

2005-இல் அமெரிக்க விமானத்துறை ஆணையம் சொன்ன பதில் முதலில் கேட்கும்போது கோபம் வரும். குழந்தைக்கும் தனி டிக்கெட் வாங்கச் சொன்னால், செலவுக்கு அஞ்சிச் சில குடும்பங்கள் காரில் போகும். விமானத்தைவிடச் சாலை பல மடங்கு ஆபத்தானது. ஆக, விமானத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றப் போய்ச் சாலையில் அதைவிட அதிகமான உயிர்களை இழப்போம் என்றது ஆணையம். 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைக் கணக்கிட்டும் காட்டியது: கட்டாயமாக்கினால் அமெரிக்கா முழுவதும் ஆண்டுக்கு 0.4 குழந்தை இறப்பு தவிரும். 5 முதல் 10 விழுக்காட்டுக் குடும்பங்கள் காருக்கு மாறினாலே அந்த லாபம் போய்விடும்.

எனக்கு அந்தக் கணக்கில் பிழை தெரியவில்லை. ஆனால் அது அமெரிக்காவின் கணக்கு. கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு விமானமா, காரா என்று நாம் யோசிப்போம். அங்கே அது பொருந்தும், அதுவும் பெருநாள் கால நெடுஞ்சாலையை நினைத்தால் நன்றாகவே பொருந்தும். திருச்சிக்கு யாரும் கார் ஓட்டிப் போக முடியாதே! விதி கட்டாயமில்லை என்பதற்கும் ஆபத்து இல்லை என்பதற்கும் வித்தியாசம் உண்டு. அதே ஆணையம், முடிந்தவர்கள் தனி இருக்கை வாங்கிக் குழந்தையை அதில் கட்டி உட்காரவையுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறது.

சரி, காரில் இருக்கும் இருக்கையைக் கழற்றி விமானத்துக்குள் தூக்கிப் போய்விடலாமா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஒரு முறை அக்காள் மகனுக்காக 9 கிலோ இருக்கையைச் சுமந்துகொண்டு விமான நிலையம் முழுக்க நடந்து, கடைசியில் அதைப் பொருத்த முடியாமல் விழித்தேன். காரில் தோள் வழியாகவும் இடுப்பு வழியாகவும் வரும் மூன்று முனை வார் இருக்கும், அல்லது ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் இருக்கும். விமானத்தில் இருப்பது இடுப்பு வார் மட்டும். அந்த ஒன்றாலேயே இறுக்கிக் கட்டக்கூடிய இருக்கைதான் உதவும். பெரிய பிள்ளைகளை உயர்த்தி உட்காரவைக்கும் பலகைக்குத் தோள் வார் தேவை. அதனால் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அது பயன்படாது.

அடுத்தது அகலம். சாதாரண வகுப்பில் கைப்பிடிகளுக்கு நடுவே சுமார் 43 முதல் 46 சென்டிமீட்டர்தான். 40 சென்டிமீட்டர் அகல இருக்கை தாராளமாக உட்காரும். அதைச் சன்னலோரம் வைக்கச் சொல்வார்கள், அவசரத்தில் மற்றவர் வெளியேறும் வழியை மறிக்கக் கூடாதல்லவா? அவசரக் கதவு இருக்கும் வரிசையில் வைக்கவே விடமாட்டார்கள்.

தம்பிக்கு டிக்கெட் வாங்கியிருந்தால், இருக்கை அவன் இடத்தில் அமரும். வாங்காவிட்டால் அது வெறும் சாமான்தான். நம் வட்டாரத்தில் பல நிறுவனங்கள் கைப்பைக்குத் தரும் 7 கிலோவுக்குள் அது அடங்காது. பெரும்பாலும் சரக்கு அறைக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே இன்னொரு சிக்கல். இருக்கையின் ஓரங்களில் வெள்ளை நுரைப்பொருள் வைத்திருக்கிறார்கள், மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தில் இருப்பதைப் போல. மோதலின் ஆற்றலை அது தான் நசுங்கி வாங்கிக்கொள்ளும். ஒரு முறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. சாமான்களை ஏற்றி இறக்கும்போது இருக்கை பலமாக விழுந்து உள்ளே விரிசல் விட்டிருந்தால், மேலே போர்த்திய துணி அதை மறைத்துவிடும். திருச்சியில் இறங்கி அதே இருக்கையைத்தான் வாடகைக் காரில் மாட்டுவீர்கள்.

சுமக்க முடியாதவர்களுக்கு கேர்ஸ் என்ற வார்த்தொகுப்பு ஒன்று உண்டு. அமெரிக்க ஆணையம் 2006-இல் அனுமதித்தது. எடை அரை கிலோவுக்கும் குறைவு. இருக்கையின் முதுகைச் சுற்றிக் கட்டி, குழந்தைக்கு இரண்டு தோள் வார்களை உண்டாக்கும். 10 முதல் 20 கிலோ எடை, 1 மீட்டருக்கு மிகாத உயரம் என்பது அளவு. இதற்கும் தனி டிக்கெட் வேண்டும். எல்லா நிறுவனங்களும் ஏற்பதில்லை என்பதால் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுவது நல்லது.

இன்று மாலை தம்பியின் கார் இருக்கையைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டிலோ அடியிலோ ஒட்டிய தாளில், வாகனத்திலும் விமானத்திலும் பயன்படுத்தலாம் என்ற வாசகம் சிவப்பு எழுத்தில் இருக்கிறதா? அமெரிக்க அனுமதி பெற்றவற்றில் இருக்கும். இருந்தால் ஓர் அளவு நாடாவை எடுத்துவந்து அகலத்தை அளந்து குறித்து வையுங்கள். டிக்கெட் வாங்கும் நாளில் அம்மா கேட்பார்.