பட்டத்தில் புள்ளி குறைந்தவர் சட்டம் பயிலலாமா?

அமெரிக்காவில் சட்டம் பயில எண்ணும் நம் பிள்ளைகளிற் சிலர், பட்டப்படிப்பில் புள்ளி குறைந்ததால் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். எல்சாட் தேர்வில் நல்ல புள்ளி இருந்தால் அப்படி விடத் தேவையில்லை.

அங்கே சட்டம், முதற்பட்டத்திற்குப் பின் பயிலும் மூன்றாண்டுப் படிப்பு. எல்சாட் புள்ளி 120 முதல் 180 வரை. சேர்த்த மாணவரின் நடுப்புள்ளியைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. தரவரிசையும் அதைப் பார்க்கிறது. நடுப்புள்ளி சராசரி அன்று. மாணவரைப் புள்ளிப்படி நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் புள்ளி அது. கடைசியில் நிற்பவர் இன்னும் கீழே போனாலும் அது அசையாது. ஆகவே எல்சாட் நடுப்புள்ளியை உயர்த்தக்கூடியவர் வந்தால், சில கல்லூரிகள் பட்டப் புள்ளியைப் பெரிதுபடுத்துவதில்லை, உதவித்தொகையும் தருவதுண்டு. எல்லாக் கல்லூரிகளும் அப்படியல்ல.

மலேசிய, சிங்கப்பூர்ப் பட்டங்களுக்கு அங்கே எண்ணாகப் புள்ளி கணக்கிடுவதில்லை. தர மதிப்பீடு மட்டுமே. நம்மவருக்கு எல்சாட் இன்னும் முக்கியமாவது இதனால்தான்.

விண்ணப்பங்களை வரவரப் பரிசீலிப்பார்கள். செப்டம்பர், அக்டோபரிலேயே அனுப்புவது நல்லது. நோய், குடும்பத் துயரம் போன்ற காரணமிருந்தால் சிறு விளக்கக் கடிதம் இணைக்கலாம். அரைப்பக்கம் போதும். (நீண்ட சாக்குகளை வகுப்பறையில் நிறையக் கேட்டவன் நான்!)

அந்தப் பட்டத்தோடு திரும்பி இங்கே வழக்கறிஞராக முடியுமா என்பதைப் பணம் கட்டுமுன் சட்டத்தொழில் தகுதி வாரியத்திடம் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள்.