போரின் நடுவே நின்றும் போரைக் காணாத சிறுவன்

நியூ ஜேர்சி மாநிலத்தின் ஐசலினில், ஓக் ட்ரீ வீதியின் புடவைக் கடைகளையும் உணவகங்களையும் கடந்து வேலைக்குச் செல்லும் நம்மவர் சிலரின் வீட்டு அலுமாரிகளில் ஒரு கடித உறை பத்திரமாகப் பூட்டப்பட்டிருக்கும். அதனுள் இருப்பது ஐ-589 என்னும் அகதி விண்ணப்பத்தின் பிரதி. எத்தனையாம் திகதி கைதானீர்? அழைத்துச் சென்றோர் எத்தனை பேர்? எந்தப் படையினர்? இக்கேள்விகளின் முன் தடுமாறியவர்கள், 1839இல் வெளிவந்த பிரெஞ்சு நாவல் ஒன்றில் தம் முகத்தைக் காணலாம்.

ஸ்தாந்தால் எழுதிய 'பார்மா மடாலயம்' அந்த நாவல். ஹென்றி பேய்ல் என்பது அவரது இயற்பெயர். நெப்போலியனின் படையோடு 1812இல் ரஷ்யா வரை சென்று மீண்டவர். பெரிதும் போற்றப்படும் இந்நாவலை 1838ஆம் ஆண்டின் இறுதியில் ஏறக்குறைய ஏழே வாரங்களில் சொல்லி எழுதுவித்தார்.

கதை நாயகன் பாப்ரீஸ், ஒஸ்ரியரின் ஆட்சிக்குட்பட்ட வட இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் வளர்ந்தவன். நெப்போலியன் மீண்டும் பிரான்சில் கரையிறங்கினான் என்ற செய்தி 1815இல் எட்டுகிறது. அப்போது அவனுக்குப் பதினாறு, பதினேழு வயது. இலட்சியக் கனவோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறான். கையில் இருப்பதோ வேறொருவரின் கடவுச்சீட்டு! ஒற்றன் என்ற சந்தேகத்தில் பிரெஞ்சுக்காரரே அவனைச் சிறையிலடைக்கின்றனர். சிறைக்காவலரின் மனைவி இரக்கங்கொண்டு, இறந்துபோன படைவீரன் ஒருவனின் உடையைக் கொடுத்து வெளியே அனுப்புகிறாள்.

பின்னர் அவன் சென்று சேர்வது வாட்டர்லூ போர்க்களம். 1815 யூன் 18ஆம் நாள் ஐரோப்பாவின் தலைவிதியை நிர்ணயித்த போர் அது. ஆனால் பாப்ரீஸ் காண்பது புகையையும், சேற்றையும், காயமுற்ற குதிரைகளையும் மட்டுமே. தன் அருகே நிற்பவர் புகழ்பெற்ற மார்ஷல் நே என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிகிறான். தான் தெய்வமாகக் கருதிய பேரரசன் கடந்து செல்லும்போது, குடித்த சாராயத்தின் மயக்கத்தில் அவனை அடையாளங்காண முடியவில்லை. அவனது குதிரையைப் பறிப்பதும், இறுதியில் அவனை வெட்டிக் காயப்படுத்துவதும் எதிரிகள் அல்லர். அவன் நேசித்துச் சேர்ந்த படையினரே. தான் கண்டது உண்மையில் ஒரு போர்தானா என்று அறியப் பின்னர் பத்திரிகைகளைத் தேடிப் படிக்கிறான். ஊர் திரும்பினாலோ, சொந்தத் தமையனே காட்டிக் கொடுத்திருக்கிறான்.

நம்மவருக்கு இதற்கு விளக்கவுரை தேவையா?

போரைப் பற்றித் தாம் அறிந்ததைக் கற்பித்தவர் ஸ்தாந்தால் என டோல்ஸ்டோய் கூறியதுண்டு. நம் மொழியில் இதே வழியில் நடந்த நூல் ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001). தீவகத்துச் சிறுவன் ஒருவன் இயக்கத்தில் சேர்ந்து, கனவு கலைந்து, பிரான்சில் அகதியாகும் கதை அது. பிரெஞ்சு அதிகாரிகளுக்கான அகதி விண்ணப்ப வடிவத்தையே ஆசிரியர் அதில் இலக்கியமாக்கியிருக்கிறார்.

போருக்குள் இருந்தவனின் நினைவு வரிசையாக வருவதில்லை என்பதையே இவ்விரு நூல்களும் காட்டுகின்றன. தேதி மறந்திருக்கும், எரிந்த பனையின் மணம் மறந்திராது. ஆனால் சட்டம் அவ்வாறு இரங்குவதில்லை. அமெரிக்காவில் 2005இல் இயற்றப்பட்ட 'ரியல் ஐடி' சட்டத்தின்படி, வழக்கின் மையத்தைத் தொடாத சிறு முரண்பாட்டைக்கூட நம்பகத்தன்மைக்கு எதிராக எடுத்துக்கொள்ளலாம். எனவே நினைவில் இல்லாத திகதியை ஊகித்து எழுதுவதிலும், 'நினைவில்லை' என்று உள்ளபடி சொல்வதே மேல். இதனை உங்கள் சட்டத்தரணியிடமும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் 'அங்கே என்ன நடந்தது?' என்று கேட்கும்போது, அதிகாரிக்குச் சொன்ன ஒழுங்கான கதையையே நாம் அவர்களுக்கும் ஒப்புவிக்கிறோம். அவர்களுக்குத் திகதிகள் வேண்டியதில்லை. அந்த வயதில் எதை நம்பினோம், எதைக் கண்டும் விளங்காமல் நின்றோம் என்பதைச் சொல்லலாம். அந்தப் பேச்சைத் தொடங்குவதற்கு, உயர்நிலைப் பள்ளியில் பயிலும் பிள்ளையின் கையில் இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுங்கள். வாட்டர்லூ அத்தியாயங்களைப் படித்து முடித்ததும், பிள்ளையின் அருகே சற்று அமருங்கள்.