விஸ்வநாதன் பேசிய சம்பந்தம்

கரிவலம்வந்தநல்லூர் மாதிரி ஊரில் ஒரு வரன் வந்தால் விசாரணை டீக்கடையிலேயே தொடங்கிவிடும். சங்கரன்கோவில் பஸ் வருவதற்குள் மாப்பிள்ளையின் தாத்தா வைத்த கடன் வரை வெளியே வந்துவிடும். 'காதலிக்க நேரமில்லை' எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன் மட்டும் எதையுமே விசாரிக்கவில்லை. கோடீஸ்வரர் என்று காதில் விழுந்ததோடு சரி.

1964 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்ரீதர் படம். சித்ராலயா கோபுவின் நகைச்சுவை அதன் பெரிய பலம். வேலை போன அசோக் (ரவிச்சந்திரன், அவருக்கு முதல் படம்) முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடிக்கிறான். முதலாளி மகள் நிர்மலா (ராஜஸ்ரீ) மேல் காதல். பெண் கேட்க வசதி இல்லாததால் பெரும் பணக்காரர் சிதம்பரத்தின் பிள்ளை என்று புளுகுகிறான். அப்பாவாக நடிக்க நண்பன் வாசு (முத்துராமன்) கிழவர் வேஷத்தில் வந்து இறங்குகிறான்.

இங்கே விஸ்வநாதனாக வரும் டி.எஸ். பாலையாவைப் பார்க்க வேண்டும். சுண்டங்கோட்டைக்காரர், 1936-இல் 'சதி லீலாவதி'யில் தொடங்கி, வில்லனாகப் பேர் வாங்கியவர். நேற்று வரை விரட்டி அடித்த பையனைப் பற்றி, உடம்பெல்லாம் பணிவாக, "அசோகர் உங்க மகருங்களா?" என்று கேட்கிறார். பணத்துக்குப் போடும் கும்பிடு பிள்ளைக்கும் சேர்த்து விழுகிறது. சொந்த மகன் செல்லப்பா (நாகேஷ்) 'ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்' ஆரம்பிக்கப் பணம் கேட்டாலோ, அதே மனிதர் முடிச்சை அவிழ்க்க மாட்டார். அந்தச் செல்லப்பா காற்று, கதவு, காலடி எல்லாவற்றுக்கும் வாயாலேயே சத்தம் கொடுத்துப் பேய்க்கதை சொல்லும்போது, நாற்காலியில் ஒடுங்கி நடுங்குபவரும் இவர்தான்.

இன்னொரு குறும்பு உண்டு. போலிப் பணக்காரராக வந்த வாசு நிஜத்திலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. அவன் காதலிக்கும் காஞ்சனா, விஸ்வநாதனின் இன்னொரு மகள். வாசுவின் அசல் அப்பா (வி.எஸ். ராகவன்) வந்து சேர்ந்ததும் சிக்கல் இரட்டிப்பாகிறது.

தெலுங்குக்கும், 1966-இல் 'ப்யார் கியே ஜா'வாக இந்திக்கும் இந்தக் கதை போனது. பாலையா இடத்தில் ஓம் பிரகாஷ், நாகேஷ் இடத்தில் மெஹ்மூத். மொழி மாறினாலும் விஸ்வநாதன்கள் எங்கும் இருந்தார்கள்.

வேஷம் கலைந்த பிறகு வாசுவைக் குற்றம் சொல்ல நமக்கு மனசு வருவதில்லை. ஒப்பனையைப் பார்த்தா விஸ்வநாதன் ஏமாந்தார்? சொத்துள்ள சம்பந்தியைத் தேடிக்கொண்டே இருந்தவர் அவர். கோடீஸ்வரர் என்ற பேரைச் சொல்லிக்கொண்டு யார் வந்திருந்தாலும் நாற்காலியை இழுத்துப் போட்டிருப்பார்.