ஆறில்லா நாட்டின் அரசிருக்கை

மதுரைக்கு வையை, உறையூருக்குக் காவிரி, கருவூருக்கு ஆன்பொருநை எனத் தமிழ் வேந்தர் தம் கோநகர்களை ஆற்றங்கரைகளில் அமைத்தனர். யாழ்ப்பாணத்தரசரின் அரசிருக்கையாய நல்லூருக்கோ அவ்வாறு சொல்ல ஓர் ஆறில்லை. மாரியிற் பெய்யும் மழையைச் சுண்ணக்கல் நிலம் உறிஞ்சிக்கொள்ள, கிணற்றையும் குளத்தையுமே நம்பி வாழ்வது இக்குடாநாடு. இத்தகைய நிலத்தில் நகரெடுப்போர் முதற்கண் நீரையே எண்ணுதல் வேண்டும். இராசபுதனத்துப் பாலையில் 1156இல் எழுந்த தலைநகராகிய செய்சல்மேரையும் மழைநீர் தேக்கிய கடிசர் ஏரியே நெடுங்காலம் புரந்தது.

நல்லூரில் அதற்கு ஒப்பச் சொல்லத்தக்கது யமுனா ஏரி. பெயர் ஏரியாயினும், பகர வடிவிற் கல்லாற் கட்டிய சிறு கேணியே அது. யமுனைத் தீர்த்தங் கொணர்ந்து இதிற் கலந்தமையால் இப்பெயர் பெற்றதென்பது மரபு. ஆறில்லா நாட்டு மன்னன் ஆற்றின் பெயரையேனும் தன் நகரில் வைத்துக்கொண்டான் போலும்!

நகரின் எல்லையை அறியத் துணைசெய்வன நாற்றிசைக் கோயில்கள். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி, வடக்கே சட்டநாதர் எனக் காவற் கோயில்கள் அமைந்தமையை யாழ்ப்பாண வைபவமாலை கூறும்.

15ஆம் நூற்றாண்டின் நடுவிற் கோட்டை அரசனுக்காக இந்நாட்டை வென்ற செண்பகப் பெருமாள், பின்னர்க் கோட்டையிற் புவனேகபாகு என முடிசூடினான். இன்றும் கந்தசுவாமி கோயிற் கட்டியத்தில் ஒரு புவனேகவாகு போற்றப்படுகின்றான்; அவன் இவனே என்பாரும், வேறொருவன் என்பாரும் உளர்.

1619இற் போர்த்துக்கேயர் சங்கிலி குமாரனைச் சிறைப்பிடித்து அரசைக் கவர்ந்தனர். 1621இல் அவர்தந் தளபதி ஒலிவேறா நல்லூர்ப் பெருங்கோயிலை இடிப்பித்தான். தலைமையிடமும் கடலோரத்திலே எழுந்த கோட்டைக்கு மாறிற்று. மரக்கலங்களின் துணையால் ஆண்டவர்க்கு உள்நாட்டு நகர் உதவாமை இயல்பே. இன்றுள்ள கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 அளவில், வேறோரிடத்தில் எழுந்தது. பழைய கோயில் முத்திரைச்சந்தையில் இன்று கிறித்துவ ஆலயம் உள்ள இடத்தில் இருந்ததென்பர்.

நல்லூரைக் காண வருவோர் பெரும்பாலும் மந்திரிமனையைக் கண்டு மீள்வர். ஆயினும், ஐரோப்பியக் கட்டட முறை விரவிய அதன் இன்றைய வடிவம் தமிழரசர் காலத்ததன்று என்பதே ஆய்வாளர் பலர் கருத்து. அதனினும் பழமைக்குச் சான்றாவன இடப்பெயர்கள். சங்கிலித்தோப்பு ஓர் அரசன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. பண்டாரக்குளம் என்பதிலுள்ள பண்டாரம், புவிராச பண்டாரம் முதலிய மன்னர் பெயர்களோடு வழங்கியதே. யாழ்ப்பாணத்திற் காணி ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயருண்டு. ஒல்லாந்தர் எழுதுவித்த தோம்புகளிலும் பிற்கால உறுதிகளிலும் அவை பதிவாயுள. வளவுகள் துண்டுபட்டு, வீட்டிலக்கமே முகவரியாகும் இந்நாளில் அப்பெயர்கள் பேச்சிலிருந்து மறைகின்றன. நல்லூரில் வாழும் மாணாக்கர் தத்தம் வீட்டு உறுதியை எடுத்து, அதிலுள்ள காணிப்பெயரைப் படியெடுத்து வைப்பாராயின், அழிந்த நகரின் படமொன்றை வரைதற்கு அதுவே தொடக்கமாகும்.